ஒத்தைக்கும் ஒத்தாசைக்கும் நடுவில்

பாத்திக்கரையில் வெயில் ஏறினால் உப்பு விளையும், காற்று திரும்பினால் உப்பு ஈரம் கோக்கும், அதுபோல என் மகள் சலேத்துக்குத் தலை நின்றதும் அவள் கனக்கத் தொடங்கினாள். முதலில் ஒரு செங்கல்லைக் கூடுதலாக மடியில் வைத்த மாதிரி, பிறகு தண்ணீர்க் குடம் மாதிரி, பிறகு ஆட்டுக்கல் மாதிரி, அதற்குப் பிறகு எதைப் போல என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஆட்டுக்கல்லைவிடக் கனமான பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. பார்வைக்கு மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தாள், பூஞ்சை முடியும் மடிப்பு விழுந்த தொடையும் தூக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிற வாயுமாக. தூக்கினால்தான் தெரியும். சேலைத் தொட்டில் கிழிந்தது, உத்தரத்துக் கொக்கி நிமிர்ந்து போனது, கட்டிலின் கால் ஒன்று சிமென்ட் தரைக்குள் இறங்கி அப்படியே நின்றது, நான் பாயைப் போட்டு அவளைத் தரையில் கிடத்தி, தரையில் விழுந்த விரிசலின் மேல் இன்னொரு பாயைப் போட்டு மூடினேன்.

என் வீட்டுக்காரர் லியோன் உப்பு லாரி ஓட்டுகிறவர். எங்கள் உப்பை அஸ்ஸாம் பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு அங்கிருந்து கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு அவர் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு நிலா தேய்ந்து வளர்ந்துவிடும். லோடு ஏற்றுகிற இடத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று, உப்பளத்துக்கு நடுவே பாத்திக்கரை என்ற இந்த ஒற்றைத் தெருவில் வீடு பிடித்து என்னையும் பிள்ளையையும் வைத்துவிட்டுப் போனார். எனக்கு இங்கே ஒருத்தரையும் தெரியாது. நான் டவுனில் கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள். அங்கே சிஸ்டர் பெனடிக்டா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் மனதில் ஒட்டியது இரண்டு, பெண்பிள்ளை தனியாக இருப்பதைக் கதவுக்கு வெளியே நிற்பவர்களிடம் சொல்லக்கூடாது என்பது ஒன்று, யார் எதைச் செய்தாலும் உடனே கைகூப்பி நன்றி சொல்லிவிட வேண்டும் என்பது இன்னொன்று. அந்த இரண்டையும் கழுத்தில் கிடந்த ஜெபமாலை மாதிரி நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

வந்த புதிதிலேயே ஒரு நாள் காலை, காற்று கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே ஒரு பெண்குரல் கேட்டது. “எம்மா, ஒத்தையா?” என்று என் காதில் விழுந்தது. தாழ்ப்பாளைப் பிடித்தபடியே, “இல்ல இல்ல, எல்லாரும் இருக்காங்க,” என்றேன். சரி என்று குரல் போய்விட்டது. மறுநாள் வேறொரு குரல், அதற்கடுத்து ஓர் ஆண்குரல், எல்லோரும் அதே கேள்வி, எல்லோருக்கும் நான் அதே பதில். என்ன ஊர் இது, தனியாக இருக்கிறாயா தனியாக இருக்கிறாயா என்று வீடு வீடாக வந்து கேட்கிறார்களே என்று நான் பயந்து, கதவுக்கு உள்பக்கம் அரிசிச் சாக்கை இழுத்து வைத்தேன். அதற்கப்புறம் ஒருவரும் வரவில்லை.

அவர்கள் கேட்டது ஒத்தையா என்று அல்ல. “ஒத்தாசையா?” என்று கேட்டார்கள், ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமா என்பதை இந்த ஊரில் அப்படித்தான் ஒரே சொல்லில் கேட்பார்கள். வேண்டாம் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அதற்கு மேல் போய் நிற்பதை அவமரியாதை என்று நினைப்பார்கள். ஒத்தை என்றால் தனி, ஒத்தாசை என்றால் கூட நின்று கைகொடுப்பது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ‘சை’தான், அந்தச் ‘சை’யைக் காற்று தின்றுவிட்டது. அந்தச் ‘சை’ இல்லாமல் ஒரு மழைக்காலம் முழுவதும் நானும் பிள்ளையும் கதவுக்குப் பின்னால் கிடந்தோம்.

மழை விட்டு வெயில் ஏறிய ஒரு நாள், கஞ்சி பொங்குகிறதே என்று அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள், பாய் நடுவில் குழிந்திருந்தது. பாயை விலக்கினேன். விரிசல் வாய்திறந்து, சலேத் நெஞ்சுவரைக்கும் தரைக்குள் இறங்கி, குளத்தில் நிற்கிற பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தரையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். அசையவில்லை. நான் இழுக்க இழுக்க அவள் இறங்கினாள்; என் பயமெல்லாம் அவள் உடம்பில் போய்ச் சேர்கிற மாதிரி இருந்தது. தாடைவரை மண் வந்தபோது நான் சாக்கைத் தள்ளிக் கதவைத் திறந்து தெருவில் போய் நின்றேன். யாரைக் கூப்பிடுவது, ஒரு பெயர்கூடத் தெரியாது. இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த உண்மைதான் வாயில் வந்தது. ஒத்தையாக இருக்கிறேன் என்று கத்தப் போனேன், அழுகை நடுவில் வந்து சொல்லை அறுத்துவிட்டது, “ஒத்தை… ஆ… சை…” என்று என்னவோ ஒரு சத்தம்தான் வெளியே போனது.

அந்தச் சத்தத்தில் அந்தச் ‘சை’ இருந்தது.

வரப்பில் கூடையோடு போனவர்கள் கூடையை அப்படியே கவிழ்த்துவிட்டு வந்தார்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்தோடு வந்தார்கள், டீக்கடை துரைப்பழம் அண்ணாச்சி வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே வந்தார், அடுத்த வீட்டுப் பேச்சித்தாய் அக்கா, அதுதான் முதல் நாள் வந்து கூப்பிட்ட குரல், உப்புத் தண்ணீரில் வெடித்த காலோடு எல்லோருக்கும் முன்னால் உள்ளே நுழைந்து மண்டியிட்டாள். தரைக்குள் ஒரு பிள்ளை இறங்கிக் கிடப்பதைப் பார்த்து யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. எங்கே பிடிக்கலாம், யார் எந்தப் பக்கம், அதுதான் பேச்சு. பேச்சித்தாய் அக்கா கை வைத்ததும் இறங்குவது நின்றது. அண்ணாச்சி கை வைத்ததும் தாடை மேலே வந்தது. கை வைக்க இடமில்லாதவர்கள் முன்னால் இருந்தவர்களின் தோளைப் பிடித்தார்கள், அவர்கள் தோளை இன்னொருவர், அப்படியே வாசல் தாண்டித் தெருவரைக்கும் ஒரு சங்கிலி போனது, கடைசிக் கை சேர்ந்தபோது என் மகள் தண்ணீருக்குள்ளிருந்து பந்து வருகிற மாதிரி வெளியே வந்து எங்கள் எல்லோர் கைக்கும் மேலே ஒரு சாண் நின்றாள்.

துரைப்பழம் அண்ணாச்சி அவளை அண்ணாந்து பார்த்து, அப்பன் லாரியைவிடப் பிள்ளை ஓவர்லோடு என்றார். பேச்சித்தாய் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“எல்லாரும் இருக்காங்கன்னியே. எங்க, கட்டிலுக்கு அடியிலயா இருக்காவ?”

நான் அழுகையும் சிரிப்புமாகக் கையைக் கூப்பி, சிஸ்டர் பெனடிக்டா சொல்லிக்கொடுத்தபடி, “எல்லாருக்கும் ரொம்ப நன்றி,” என்றேன். சொன்ன மாத்திரத்தில் சலேத் ஆட்டுக்கல்லாகக் கீழே வந்தாள். சங்கிலியே முன்னால் சாய்ந்தது, அண்ணாச்சியின் வடிகட்டி நசுங்கியது. எல்லோரும் மூச்சைப் பிடித்து மறுபடியும் தூக்கி நிறுத்திய பிறகு பேச்சித்தாய் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“ஏட்டி, அந்தச் சொல்ல இங்கன சொல்லாத. போயிட்டு வாங்கன்னு வெரட்டுத மாதிரி இருக்கு.”

பிறகு அளத்துக்குப் போய்வரப் போய்வர எனக்கே புரிந்தது. உப்பு நிரம்பிய கூடையை ஒருத்தி தலையில் சுமந்துகொண்டு எவ்வளவு தூரமும் நடந்துவிடுவாள், ஆனால் அந்தக் கூடையைத் தரையிலிருந்து தன் தலைக்கு அவளால் ஏற்றிக்கொள்ள முடியாது. சும்மாட்டைத் தலையில் வைத்து, கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “ஒத்தாசை” என்று பொதுவாக ஒரு குரல் கொடுப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ, நேற்றுச் சண்டை போட்டவளாக இருந்தாலும், வந்து மறுபக்கத்தைப் பிடித்து ஏற்றிவிடுவாள். ஏறியதும் இவள் நடப்பாள். திரும்பிப் பார்ப்பதோ ஒரு வார்த்தை சொல்வதோ கிடையாது. தலையில் பாரம் இருக்கும்போது மூச்சை வீணாக்கக்கூடாது, அதோடு அவள் போய்க் கொட்டிவிட்டு வரும் வழியில் வேறு யாருடைய கூடையையோ ஏற்றிவிட்டுத்தான் வருவாள். ஹாஸ்டலில் நான் படித்த தமிழ்ப் பாடத்தில் ஒத்தாசை என்றால் உதவி என்று பொருள் போட்டிருந்தது. உதவிக்கு நன்றி சொல்லலாம், அதோடு அது முடிந்துவிடும். இது முடிகிற சாமான் இல்லை.

அதற்கப்புறம் பாத்திக்கரை என் மகளை வைத்துக்கொண்டு வாழப் பழகியது, எப்படியென்றால், குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தை வைத்துக்கொண்டு வாழப் பழகுகிற மாதிரி. வேலைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் ஒரு கை வைத்து அவளைப் பாயிலிருந்து என் மடிக்கு மாற்றிவிட்டுப் போனார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சங்கிலிக்கு வால் பிடிப்பதற்குத் தள்ளுமுள்ளு செய்தார்கள், அவளைக் குளிப்பாட்டுகிற நேரத்தில் அண்ணாச்சி கடையில் டீ கிடையாது. கொஞ்ச நாளில் இன்னொன்றும் தெரிந்தது, கை வைத்தவர்களில் இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் இருந்தால் அந்த இரண்டு கையும் கணக்கில் சேர்வதில்லை. பேச்சித்தாய் அக்கா ஒரு தடவை அண்ணாச்சியின் டீயைக் கழுநீர் என்று சொல்லி, அவர் அவள் குழம்பில் போடுகிற உப்பைப் பற்றி ஏதோ சொல்லி, இரண்டு பேரும் முகம் திருப்பிக்கொண்டிருந்த வாரத்தில் சலேத்தைத் தூக்கத் தெரு முழுக்க வந்தும் அவள் பாயோடு ஒட்டிக் கிடந்தாள். பசியில் பிள்ளை அழ, வேறு வழியில்லாமல் அக்கா பல் தெரியாமல், அண்ணாச்சி டீ குடிக்கிற மாதிரிதான் இருக்கு என்று சொன்னாள், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, குழம்பும் மோசமில்லை என்றார், பிள்ளை மேலே வந்தது. அந்த வருசம் கோயில் கொடைக்கு வரி பிரிப்பதிலும் மாதா சப்பரத்துக்கு யார் முன்தண்டு பிடிப்பது என்பதிலும் வழக்கமாக வருகிற சண்டை ஒன்றும் வரவில்லை, அம்மன் கோயில்காரர்களும் மாதா கோயில்காரர்களும் சாயங்காலப் பால் நேரத்துக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

எடை பார்க்கிற நர்சம்மா வந்தபோது தெருவே கூடி நின்று தராசில் பிள்ளையை ஏற்றியது. முள் அசையவே இல்லை. பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய், காற்றா என்று நர்சம்மா என்னைத் திட்டினார்கள். சரி, விட்டுத்தான் பார்ப்போமே என்று எல்லோரும் கையை எடுத்தார்கள், தராசின் ஸ்பிரிங் அறுந்து பிள்ளை விழுவதற்குள் எல்லோரும் மறுபடி பிடித்துக்கொண்டார்கள். நர்சம்மா பையைக் கீழே வைத்து, தானும் ஒரு கை கொடுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். பங்குச் சாமியார் மேலிடத்துக்குத் தெரிவிக்கலாமா என்று கேட்டார். வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள், தூக்க மாட்டார்களே சாமி என்றார் அண்ணாச்சி, சாமியார் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று வாலில் போய் நின்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பயமும் கூடவே இருந்தது, அது போகவில்லை, ஆனால் தாழ்ப்பாளைப் போடாமல் தூங்குகிற பயமாக அது மாறிவிட்டது. என் கையும் வெடித்துக் காய்த்தது. வேறு வீட்டுக் கூடைகளை ஏற்றிவிட்டு ஏற்றிவிட்டு, யார் எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பார்கள் என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது.

லியோன் ஒவ்வொரு தடவை வரும்போதும் இதையெல்லாம் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் லாரியைத் தனியாக இறக்குகிறவர், டயரைத் தனியாகக் கழற்றி மாட்டுகிறவர். பிள்ளை கொஞ்சம் வளர்ந்து, உட்கார்ந்து, எதையாவது பிடித்து எழுந்து நிற்கலாமா என்று பார்க்கிற வயதில் வந்தவர், தெருவே கூடி அவர் மகளை அவர் மடியில் வைத்தபோது தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் போன பிறகு என்னிடம் கேட்டார்.

“எம் பிள்ளைய நான் தூக்க ஊரே வரணுமா, ஜசி?”

அவர் டவுனில் வீடு பார்த்து வைத்திருந்தார். சுற்றுச்சுவர் வைத்த வீடு, கருங்கல் தளம், எவ்வளவு கனத்தாலும் பிள்ளை உள்ளே இறங்காது, நம் பாட்டை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் சாமானை லாரியில் ஏற்றினோம். ஒத்தாசையா என்று கேட்டு வந்தவர்களிடம் லியோன், வேண்டாம், நாங்க பாத்துக்கிடுதோம் என்றார். அப்படியே நின்றுவிட்டார்கள். கோபம் இல்லை, இந்த ஊர் வழக்கம் அது. கடைசியில் பிள்ளையை ஏற்றுகிற இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் மூச்சு முட்டி நின்றபோது துரைப்பழம் அண்ணாச்சிதான் வந்து, ஏத்திவிடுததுதான் நம்ம வேலை, எங்க சுமக்கிறாங்கங்கிறது சுமக்கிறவங்க பாடு என்று சொல்லி எல்லோரையும் கூப்பிட்டுப் பிள்ளையை லாரி கேபினில் என் மடியில் வைத்தார். பேச்சித்தாய் அக்கா மட்டும் வரவில்லை. அளத்தில் வேலை கிடக்கிறது என்று விடியுமுன்னே போய்விட்டாளாம்.

லாரி புறப்பட்டது. இரண்டு பக்கமும் பாத்திகள், நடுவில் ஒரு லாரி மட்டும் போகிற வரப்பு ரோடு. தெரு பின்னால் சிறுத்துக்கொண்டே போனது, மடியில் பிள்ளை கனத்துக்கொண்டே வந்தாள், குடம், ஆட்டுக்கல், அதற்கு மேல் பெயரில்லாத கனம், என் தொடை மரத்தது, சீட்டின் கம்பி முறிந்தது. லியோன் கியரை மாற்றி மாற்றி மிதித்தார். டயர் மண்ணுக்குள் இறங்கியது, மிதிக்க மிதிக்க இறங்கியது, கடைசியில் அச்சு மண்ணில் படிந்து வண்டி நின்றே போனது. அவர் குதித்து ஜாக்கியை வைத்தார். ஜாக்கியும் உள்ளே போய்விட்டது. கேபின் கதவைத் திறந்தால் படியும் மண்ணும் ஒரே மட்டமாக இருந்தன. இனி அவள் லாரியையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நான் நினைத்தேன். என் காலை எடுக்க முடியவில்லை.

அப்போது பாத்தியின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஒத்தாசை!”

பேச்சித்தாய் அக்கா. எங்களைப் பார்த்துக் கூப்பிடவில்லை, முதுகு எங்கள் பக்கம் இருந்தது, எல்லோரும் எங்களை வழியனுப்பத் தெருவில் நின்றுவிட்டதால் அவளுக்குக் கூடை ஏற்றிவிட அளத்தில் ஆளே இல்லை, பழக்கத்தில் பொதுவாக ஒரு குரல் கொடுத்துவிட்டுக் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சலேத் தலையைத் திருப்பினாள். பிறந்ததிலிருந்து அவள் பெயரைவிட அதிகமாக அவள் கேட்ட சொல் அது. என் மடியிலிருந்து வழுக்கி, படியிலிருந்து மண்ணில் இறங்கி, கதவைப் பிடித்து எழுந்து நின்றாள். அதுவரை அவள் தரையில் நின்றதில்லை, நிற்க எந்தத் தரையும் அவளுக்கு இடம் கொடுத்ததில்லை. ஓர் அடி வைத்தாள், கணுக்கால்வரை இறங்கியது. பிடுங்கி அடுத்த அடி வைத்தாள், முழங்கால்வரை இறங்கியது. லியோன் ஓடப் போனார், நானும் இறங்கி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன், ஏன் பிடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. விழுந்து, தவழ்ந்து, உப்பு வெள்ளையெல்லாம் முகத்தில் அப்பி, அவள் கூடைக்குப் போய்ச் சேர்ந்து, பிஞ்சுக் கை இரண்டையும் கூடையின் அடியில் கொடுத்தாள்.

கூடை ஏறியது.

பேச்சித்தாய் அக்கா தலையில் சுமையோடு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை, வழக்கப்படி. தோள் மட்டும் குலுங்கியதை நான் பார்த்தேன். சலேத் திரும்பி எங்களை நோக்கி நடந்து வந்தாள், பாத்தியில் படிந்திருந்த உப்பு ஏடு அப்பளம் மாதிரி மெல்லிசு, காக்கா உட்கார்ந்தாலே உடையும், அது அவள் காலடியில் உடையவில்லை. பின்னால் லாரியின் பட்டை ஸ்பிரிங் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டு நிமிர்ந்து, வண்டி மண்ணை உதறிக்கொண்டு மேலே எழுந்தது. லியோன் குனிந்து மகளைத் தூக்கினார். ஒரு கையில் தூக்கினார். அவ்வளவு லேசாக அவள் இருப்பாள் என்று எதிர்பார்க்காததால் கொஞ்சம் பின்னால் தள்ளாடினார்.

ரோடு முன்னால் டவுனுக்குத் திறந்து கிடந்தது. பிள்ளை கனம் போய்விட்டது, சுற்றுச்சுவர் வீட்டுக்கு இனி ஒரு தடையும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் பாத்தியைப் பார்த்தேன், அக்கா சுமையைக் கொட்டிவிட்டு வெறும் கூடையோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். லியோன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பின்கியரைப் போட்டார். அந்த வரப்பில் லாரியைத் திருப்ப இடம் கிடையாது, பின்னாலேயே போக வேண்டும், இரண்டு பக்கமும் பாத்தி, பின்னால் நின்று ஆள் சொல்லாமல் எந்த டிரைவரும் அதைச் செய்ய முடியாது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தலையை வெளியே நீட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கெல்லாம் பொதுவாக, யார் பெயரும் சொல்லாமல், அந்தச் சொல்லை அந்தச் ‘சை’யோடு முழுசாகச் சொன்னார்.

தெருவிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். பேச்சித்தாய் அக்கா வரப்பேறி லாரிக்குப் பின்னால் போய் நின்று, பக்கவாட்டுப் பலகையைக் கையால் தட்டினாள். கழுநீர் டீக்கடைக்காரர் மறுபக்கம் தட்டினார். ரெண்டு பக்கமும் தட்டத் தட்ட லாரி மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தது, என் மடியில் என் மகள் ஒரு வயதுப் பிள்ளையின் கனத்தில், சரியாக அந்தக் கனத்தில், தூங்கிப் போனாள், வெளியே அவர்கள் தட்டுகிற தாளத்துக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்:

“வரலாம்… வரலாம்… எடம் கெடக்கு, வரலாம்…”